ரெட்நெக்: ஒரு சிரிப்பு வரியின் வாழ்க்கை வரலாறு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் லிவோனியா என்று ஓர் ஊர் இருக்கிறது. கார்த் தொழிலை நம்பி வளர்ந்த வட்டாரம். 1980-களில் ஒரு நாள், அங்கிருந்த காமெடி கிளப்பில் நிகழ்ச்சி நடத்த ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஜெஃப் ஃபாக்ஸ்வர்த்தி என்ற இளைஞர் வந்திருந்தார். அவருடைய இழுவையான தெற்கத்திப் பேச்சைக் கேட்டதுமே உடனிருந்தவர்கள் கேலியைத் தொடங்கிவிட்டார்கள். நீ சரியான ரெட்நெக் என்பதுதான் கேலி. வெயிலில் குனிந்து வேலை செய்து பின்கழுத்து சிவந்துபோன வெள்ளைக்கார ஏழை விவசாயிக்கு வைத்த பெயர் அது. பட்டிக்காட்டான், முரடன், படிப்பறிவு இல்லாதவன் என்ற அர்த்தமெல்லாம் அதன்மேல் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் கிளப் ஒரு பவுலிங் கூடத்தோடு சேர்ந்திருந்தது. பந்தை உருட்டி விளையாட வருகிறவர்களின் காரை வாங்கி நிறுத்தித் தர வாசலில் ஆள் போட்டிருந்தார்கள். ஃபாக்ஸ்வர்த்தி அதைக் காட்டித் திருப்பிக் கேட்டார்: இந்த ஊரில் ரெட்நெக் இல்லை என்று நினைத்தால் சன்னல் வழியே வெளியே பாருங்கள், பவுலிங் கூடத்துக்கு வந்தவர்கள் காரை நிறுத்த ஆள் வைத்திருக்கிறீர்கள். அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, ஒருவர் ரெட்நெக்காக இருக்கக்கூடும் என்பதற்கான 10 அடையாளங்களை எழுதினார். அடுத்த நிகழ்ச்சியில் அவற்றைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே ஒருவரையொருவர் கைகாட்டியது. பல பேட்டிகளில் ஃபாக்ஸ்வர்த்தி சொல்லியிருக்கும் பிறப்புக் கதை இது.

‘இப்படியெல்லாம் இருந்தால் நீங்கள் ஒரு ரெட்நெக்காக இருக்கலாம்’ என்ற அந்த வாக்கியம் பிறகு புத்தகமாயிற்று, இசைத்தட்டாயிற்று, நாட்காட்டியாயிற்று, டி-ஷர்ட்டாயிற்று. தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஒரு பெரிய மேடைச் சுற்றுப்பயணத்துக்கும் வழி திறந்துவிட்டது. அதன் தடத்தைப் பின்தொடர்ந்தால், உழைக்கும் மக்களின் சிரிப்பை அமெரிக்கத் தொலைக்காட்சி எப்படி வெளியேற்றியது, எப்படித் திரும்ப அழைத்தது, அழைத்தபின் அதை என்ன செய்தது என்பது தெரியவரும். இந்த நகைச்சுவையின் உயிர் தெற்கத்தி உச்சரிப்பில் இருந்ததாகப் பலரும் நினைத்தார்கள். சொந்தக் கண்ணால் பார்த்த வாழ்க்கை விவரத்தில்தான் அது இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். விவரம் மெலிந்தபோதெல்லாம் சிரிப்பும் மெலிந்திருக்கிறது.

முன்னோர்கள்

ஃபாக்ஸ்வர்த்தியின் வரிக்கு நீண்ட வம்சம் உண்டு. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1925-இல் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சிதான் அதன் பூர்வீக வீடு. கண்ட்ரி இசைக்கு நடுவே நகைச்சுவைக்கும் அங்கே இடம் இருந்தது. 1940-இல் அங்கு வந்து சேர்ந்தவர் மின்னி பெர்ல். விலைச்சீட்டைக் கழற்றாமல் தொங்கவிட்ட வைக்கோல் தொப்பி அவருடைய அடையாளம்; சீட்டில் 1 டாலர் 98 சென்ட் என்றிருக்கும். ஊர்ச் சந்தைக்கு முதல்முறையாகப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்த கிராமத்துப் பெண் அந்தப் பாத்திரம். அதை உருவாக்கி நடித்த சாரா ஒஃபீலியா காலி கல்லூரியில் நாடகம் படித்தவர். படித்தவர் ஒருவர் படிக்காத ஊர்க்காரியின் குரலில், ஊரைக் கேவலப்படுத்தாமல் பேச முடியும் என்பதை அவர் அரை நூற்றாண்டு காட்டினார்.

1953-இல் வட கரோலினாக்காரரான ஆண்டி கிரிஃபித் ஒரு தனியுரையைப் பதிவு செய்தார். ஒரு கிராமத்துப் பாதிரியார் வழிதவறி அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் போய்விடுகிறார். அங்கே நடப்பது இன்னதென்று தெரியாமல், தான் கண்டதைக் கண்டபடி விவரிக்கிறார். அந்தப் பதிவு அவரை எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோயிற்று. 1960 முதல் 1968 வரை சிபிஎஸ் சேனலில் அவர் பெயரிலேயே ஒரு தொடர் ஓடியது. 1962-இல் வந்த ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ முதல் இரண்டு பருவங்களிலும் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடராக இருந்தது. எண்ணெய் கிடைத்துப் பணக்காரரான மலைநாட்டுக் குடும்பம் கலிஃபோர்னியா மாளிகையில் குடியேறுகிற கதை. பிறகு ‘கிரீன் ஏக்கர்ஸ்’ வந்தது. 1969-இல் ‘ஹீ ஹா’ வந்தது. சிபிஎஸ் சேனலே கிராமமாகிவிட்டது போலிருந்தது.

1971-இல் அந்தக் கிராமம் காலி செய்யப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கையில் இந்தத் தொடர்கள் விழுந்துவிடவில்லை. ஆனால் விளம்பரதாரர்கள் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைவிட யார் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நகரத்தில் வாழும், இளவயதுள்ள, கையில் காசுள்ள பார்வையாளர்தான் அவர்களுக்குத் தேவை. ஒரே ஆண்டில் கிராமத் தொடர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. மரம் தெரிகிற தொடரையெல்லாம் சிபிஎஸ் கொன்றுவிட்டது என்று ‘கிரீன் ஏக்கர்ஸ்’ நடிகர் பேட் பட்ரம் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. கிராமத்தை வெட்டி எறிந்த இந்த நடவடிக்கைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் தனிப்பெயரே உண்டு. ‘ஹீ ஹா’ மட்டும் விடவில்லை. உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டு, அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. பார்க்க ஆள் இருந்தார்கள், அவர்களைக் கணக்கில் எடுக்கத்தான் ஆள் இல்லை.

தொலைக்காட்சி கைவிட்ட காலத்தில் இந்த நகைச்சுவையைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் மிசிசிப்பி மாநிலத்து ஜெர்ரி க்ளோவர். யாசூ நகரில் உரம் விற்கிற வேலை அவருக்கு. விவசாயிகள் கூடுகிற இடங்களில் விற்பனைப் பேச்சுக்கு நடுவே தான் வளர்ந்த ஊரின் கதைகளைச் சொல்வார். அவற்றைப் பதிவு செய்து 1970-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பெரிய நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொண்டதும் உர விற்பனையாளர் நாடறிந்த கதைசொல்லியானார். 1973-இல் கிராண்ட் ஓல் ஆப்ரியில் உறுப்பினரானார். அவருடைய கதைகள் நீளமானவை. வேட்டைநாய் எந்த மரத்தடியில் நின்று குரைத்தது, அம்மரத்தில் யார் ஏறினார், ஏறியவருடைய அம்மா யார் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் சிரிப்புக்கு வருவார். கேட்பவருக்கு அவசரம் கிடையாது. சிரிப்பு வருவதற்கு முன்பே ஊர் வந்துவிடும்.

கதை வரியாகச் சுருங்கியது

ஃபாக்ஸ்வர்த்தி 1958-இல் அட்லாண்டாவில் பிறந்தவர்; விமான நிலையத்தை ஒட்டிய ஹேப்வில்லில் வளர்ந்தார். ஐபிஎம் நிறுவனத்தில் அவருடைய தந்தை வேலை பார்த்தார். இவரும் அங்கேயே கணினி இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் 5 ஆண்டுகள் இருந்தார். உடன் வேலை செய்தவர்கள் தூண்டியதால் 1984-இல் அட்லாண்டாவின் பஞ்ச்லைன் கிளப்பில் நடந்த நகைச்சுவைப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். பிறகு நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கிளப்புகளுக்குப் பயணம் போனார். லிவோனியா அப்படிப்பட்ட பயணத்தில் வந்த ஊர்தான்.

அவர் கண்டுபிடித்த வரியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முடிவு எப்போதும் ஒன்றே. அது எல்லோருக்கும் தெரியும். மாறுவது தொடக்கம் மட்டும். தோட்டத்தில் செங்கல்மேல் நிற்கும் ஓடாத கார், சக்கரம் வைத்த வீடு, திருமணத்திலும் மீன்பிடிப்பிலும் ஒரே சட்டை என்று ஒரு விவரம் வரும். கேட்பவர் மனதுக்குள் தன் வீட்டை, தன் மாமாவை, தன் மைத்துனரை ஒருமுறை பார்த்துக்கொள்வார். தீர்ப்பை மேடையில் இருப்பவர் சொல்வதில்லை, கேட்பவரே சொல்லிக்கொள்கிறார். ‘இருக்கலாம்’ என்ற தயக்கம் அதில் ஒரு மரியாதையைச் சேர்க்கிறது. ரெட்நெக் என்பதற்கு ஃபாக்ஸ்வர்த்தி தந்த விளக்கமும் அதே மனநிலையில்தான் இருந்தது: நாசூக்கு அறவே இல்லாத மகத்தான நிலை. பிறந்த இனத்தையும் ஊரையும் அவர் விளக்கத்தில் சேர்க்கவில்லை.

இன்னொரு வசதியும் இருந்தது. க்ளோவரின் கதைக்குப் பத்து நிமிடம் வேண்டும். ஃபாக்ஸ்வர்த்தியின் வரிக்குப் பத்து நொடி போதும். இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சிகளில் ஒரு காமெடியனுக்குக் கிடைப்பது ஐந்து ஆறு நிமிடம். அதற்குள் முப்பது விவரங்களைக் கொட்டிவிடலாம். வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே செருகலாம். காப்பிக் கோப்பையில் அச்சிடலாம். நாட்காட்டியில் நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கலாம். அந்த வரி இத்தனை தூரம் பயணம் செய்ததற்கு அதன் சுருக்கமே காரணம். அது பின்னாளில் வறண்டுபோனதற்கும் அதே சுருக்கம்தான் காரணம்.

1989-இல் அட்லாண்டாவின் லாங்ஸ்ட்ரீட் பதிப்பகம் அந்த வரிகளைச் சிறு புத்தகமாக வெளியிட்டது. 1993-இல் அதே தலைப்பில் இசைத்தட்டு வந்து 30 லட்சம் பிரதிகள் என்ற எல்லையைத் தொட்டது. 1995-இல் வந்த அடுத்த தட்டும் அந்த எல்லையை எட்டியது. ஸ்டாண்ட்-அப் காமெடித் தட்டுகளுக்கு இவை அசாதாரணமான எண்ணிக்கைகள். கண்ட்ரி வானொலி நிலையங்கள் இந்த நகைச்சுவையை இசையோடு கோத்து ஒலிபரப்பின. ஆலன் ஜாக்சன், லிட்டில் டெக்ஸஸ் போன்ற கண்ட்ரி இசைக்கலைஞர்களோடும் ஃபாக்ஸ்வர்த்தியின் குரல் பதிவாயிற்று. நியூயார்க்கின் காமெடி கிளப்புகளுக்கும் லாஸ் ஏஞ்சலஸின் தயாரிப்பாளர்களுக்கும் வெளியே, லாரி ஓட்டுகிறவர்களின் முன்னிருக்கை வானொலியில் ஒரு மாபெரும் அரங்கம் திறந்திருந்தது.

வாழ்க்கை அந்த வரியைப் பார்த்து நடந்துகொண்ட கதையும் உண்டு. 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்றதும், ரெட்நெக்குகள் ஒலிம்பிக் நடத்தினால் எப்படி இருக்கும் என்ற கேலிகள் கிளம்பின. ஃபாக்ஸ்வர்த்தியின் 1995-ஆம் ஆண்டுத் தட்டின் தலைப்பே அதைச் சார்ந்ததுதான். ஜார்ஜியாவின் ஈஸ்ட் டப்ளின் என்ற சிற்றூர் அந்தக் கேலியை ஏற்றுக்கொண்டது. கார்ச் சக்கரத்தின் மூடியைத் தூர எறிதல், தண்ணீர்த் தொட்டியிலிருந்து பன்றிக்காலை வாயால் கவ்வி எடுத்தல், சேற்றில் வயிறு அடிபடக் குதித்தல் என்று 1996-இலேயே தனக்கென ஒரு விளையாட்டு விழாவை நடத்தியது. அது பல ஆண்டுகள் தொடர்ந்தது. அடுத்தவர் எறிந்த கல்லை எடுத்துத் திண்ணை கட்டிக்கொள்வதுபோல, ஒரு ஊர் தன்மேல் விழுந்த பேரைத் தானே சூடிக்கொண்டது.

வேலை தெரிந்த தொடர்கள்

தொலைக்காட்சி நிறுவனங்கள் இந்த வெற்றியை விரும்பின, ஆனால் அதன் மண்ணைக் கண்டு பயந்தன. 1995-இல் ஏபிசி சேனல் ‘தி ஜெஃப் ஃபாக்ஸ்வர்த்தி ஷோ’ என்ற சிட்காமைத் தொடங்கியது. ஜார்ஜியாக்காரருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த கதைக்களம் இந்தியானா மாநிலம். தெற்கத்திக் குரல் வேண்டும், தெற்கு வேண்டாம் என்ற ஏற்பாடு. ஒரு பருவத்தோடு ஏபிசி விட்டுவிட்டது. என்பிசி எடுத்துக்கொண்டு கதையை ஜார்ஜியாவுக்கு மாற்றியது. அங்கும் ஒரு பருவம்தான். 1997-இல் தொடர் முடிந்தது. தன் ஊரைச் சொல்லி முப்பது லட்சம் தட்டு விற்றவரிடமிருந்து ஊரைப் பிடுங்கிவிட்டு, சிரிப்பு எங்கே என்று தேடியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் இரண்டு பெண்கள் உழைக்கும் வர்க்கத்தின் சிரிப்பைத் தொலைக்காட்சியில் நிலைநிறுத்தியிருந்தார்கள். ரோசேன் பார், டென்வரில் மதுக்கூடப் பணிப்பெண்ணாக இருந்து மேடைக்கு வந்தவர். 1988-இல் தொடங்கிய ‘ரோசேன்’ இல்லினாய் மாநிலத்துத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. முதல் பருவத்தின் முடிவில், புதிய மேலாளர் விதிக்கும் உற்பத்தி அளவைத் தாங்க முடியாமல் ரோசேனும் உடன் வேலை செய்யும் பெண்களும் பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலையை விட்டு வெளியேறுகிறார்கள். நகைச்சுவைத் தொடர் ஒன்றில் உற்பத்தி இலக்கும் மேலாளரின் அவமதிப்பும் கதையாவது அபூர்வம். பிரெட் பட்லர் அலபாமாவில் பிறந்த தெற்கத்திக் காமெடியன். அவருடைய ‘கிரேஸ் அண்டர் ஃபயர்’ 1993 முதல் 1998 வரை ஓடியது. அடித்து நொறுக்கிய கணவனை விட்டுப் பிரிந்து, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆண்களுக்கு நடுவே வேலை செய்யும் தாய் அதன் நாயகி.

இந்த இரண்டையும் ரெட்நெக் வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அந்த வரி வீட்டைச் சொன்னது, வண்டியைச் சொன்னது, சொந்தக்காரர்களைச் சொன்னது. வேலையை அவ்வளவாகச் சொல்லவில்லை. சம்பள நாளும் ஷிப்டும் அடிபட்ட விரலும் ரோசேனிடம்தான் இருந்தன. உடலுழைப்பின் பெயரைத் தாங்கிய நகைச்சுவை அடுத்து வந்தபோது இந்த இடைவெளி இன்னும் பெரிதாயிற்று.

நான்கு பேரின் சுற்றுப்பயணம்

1990-களின் இறுதியில் ஸ்டீவ் ஹார்வி, பெர்னி மேக், செட்ரிக் தி என்டர்டெய்னர், டி. எல். ஹியூலி ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் ‘கிங்ஸ் ஆஃப் காமெடி’ என்ற பெயரில் பெரிய அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் ஸ்பைக் லீ அதைப் படமாக்கினார். முன்னணிப் பத்திரிகைகளும் சேனல்களும் கவனிக்காத ஒரு பார்வையாளர் திரள் நாடு முழுக்க இருக்கிறது என்பதை அந்தப் பயணம் நிரூபித்தது. அதே வடிவில் 2000-இல் தொடங்கியது ‘ப்ளூ காலர் காமெடி டூர்’; ‘ப்ளூ காலர்’ என்றால் உடலுழைப்புத் தொழிலாளி. ஃபாக்ஸ்வர்த்தியோடு டெக்ஸஸ்காரர்களான பில் எங்வாலும் ரான் வைட்டும் சேர்ந்தார்கள். நான்காம் இடத்தில் முதலில் இருந்தவர் கிரெய்க் ஹாக்ஸ்லி. பிறகு லாரி தி கேபிள் கை வந்தார்.

நால்வருக்கும் நான்கு குணம். எங்வால் முட்டாள்தனமான கேள்வி கேட்கிறவர்களுக்கு ஓர் அடையாளப் பலகை மாட்டிவிடும் குடும்பஸ்தர். ரான் வைட் ஒரு கையில் விஸ்கி, மறு கையில் சுருட்டுடன் நின்று, பதற்றமே இல்லாமல் நீண்ட கதை சொல்வார். போலீஸ், கைது, விமானப் பயணம், விவாகரத்து என்று அவர் தன் தவறுகளையே பொருளாக்கினார். க்ளோவரின் பொறுமை இந்த நால்வரில் அவரிடம்தான் மிச்சமிருந்தது. நிகழ்ச்சியின் முடிவில் நால்வரும் முக்காலிகளில் உட்கார்ந்து பேசுவார்கள். அப்போது ரெட்நெக் வரிகளுக்கு முறையாக ஒரு நேரம் உண்டு.

2003-இல் ஃபீனிக்ஸ் நகர மேடையில் எடுத்த படம் திரையரங்குகளுக்கு வந்து, ஏறக்குறைய 6 லட்சம் டாலர் மட்டுமே வசூலித்தது. தோல்வி என்று எழுதிவிடக்கூடிய தொகை. அதே ஆண்டின் இறுதியில் காமெடி சென்ட்ரல் சேனல் அதை ஒளிபரப்பியபோது, அதுவரை அந்தச் சேனலில் எந்தப் படமும் பெறாத பார்வையாளர்களை அது பெற்றது. டிவிடி லட்சக்கணக்கில் விற்றது. இந்தப் பார்வையாளர்கள் திரையரங்கு தேடிப் போகவில்லை. வேலை முடிந்து வந்து, வீட்டு நாற்காலியில் சாய்ந்து, குடும்பத்தோடு பார்த்தார்கள். 1971-இல் கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கேபிள் வழியாகவும் டிவிடி வழியாகவும் தங்கள் எண்ணிக்கையைக் காட்டினார்கள்.

2004-இல் டபிள்யூபி சேனல் ‘ப்ளூ காலர் டிவி’யைத் தொடங்கியது. பதின்வயதினர் தொடர்களுக்குப் பேர்போன சேனல் அது. குறுநாடகங்களின் தொகுப்பான அந்த நிகழ்ச்சி ஃபாக்ஸ்வர்த்தி, எங்வால், லாரி மூவரையும் மையமாக வைத்து நடந்தது. ரான் வைட் எப்போதாவது வந்துபோனார். 2006-இல் அது முடிந்தது. அதே ஆண்டு அந்தச் சேனலும் மூடப்பட்டது. ஆனால் தனித்தனி மேடைகளில் நால்வரும் முன்பைவிடப் பெரிய பெயர்களாகியிருந்தார்கள்.

வரி கோஷமானது

நால்வரில் மிகப் பெரிய கூட்டத்தைச் சேர்த்தவர் லாரி. அவருடைய உண்மைப் பெயர் டான் விட்னி. பிறந்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் பானி சிட்டியில். அது தெற்கல்ல, நடுமேற்குச் சமவெளி. பதின்வயதில் குடும்பத்தோடு ஃபுளோரிடாவுக்குப் போனார். ஜார்ஜியாவில் கல்லூரியில் படித்தபோது அறைத்தோழர்களிடமிருந்து தெற்கத்திப் பேச்சு ஒட்டிக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் வானொலி நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் பேசும் கேபிள் மெக்கானிக்காக அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். கை வெட்டிய கட்டம்போட்ட சட்டை, தொப்பி, வேலையை முடி என்று பொருள்படும் ‘கிட்-ஆர்-டன்’ என்ற முழக்கம். 2009 ஜூலை 4 அன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரக் கால்பந்து அரங்கில் அவருக்காகக் கூடியவர்கள் 50,000 பேருக்கு மேல். ‘கார்ஸ்’ படத்தில் துருப்பிடித்த இழுவை வண்டியான மேட்டருக்குக் குரல் கொடுத்து, உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் அவர் தெரிந்தவரானார்.

இங்கேதான் அந்த நகைச்சுவையின் உள்ளே ஒரு மாற்றம் நடந்தது. ஃபாக்ஸ்வர்த்தியின் வரியில் ஒரு முகவரி உண்டு. ஒரு முற்றம், ஒரு உறவுக்காரர், ஒரு பழக்கம் இருந்தால்தான் அது நிற்கும். லாரியின் முழக்கத்துக்கு எதுவும் தேவையில்லை. எதன் பின்னாலும் அதைச் சொல்லலாம். கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு அது மிகப் பொருத்தம். க்ளோவரிடம் ஊராக இருந்தது ஃபாக்ஸ்வர்த்தியிடம் விவரமாகி, லாரியிடம் கோஷமாகியது. கோஷம் ஒருவரை ஒரு கூட்டத்தில் சேர்க்கும். அவரைப் பற்றி எதையும் சொல்லாது.

2005-இல் காமெடியன் டேவிட் கிராஸ், லாரியின் நகைச்சுவை சிறுபான்மையினரையும் ஓரினச் சேர்க்கையாளர்களையும் இழிவுபடுத்துவதாக ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் விமர்சித்தார். லாரி தன் புத்தகத்தில் பதில் சொன்னார். கிராஸ் திறந்த மடலில் மறுபதில் எழுதினார். சண்டை, நகரத்து அறிவாளிக்கும் நாட்டுப்புறத்தானுக்கும் நடப்பதாகச் சித்திரிக்கப்பட்டது. ஆனால் தெற்கத்தியர் கிராஸ்தான்: அட்லாண்டாவில் பிறந்து ஜார்ஜியாவில் வளர்ந்தவர். கிராஸின் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. தன்னையும் தன் வீட்டையும் பார்த்துச் சிரித்த மரபு, தன்னைவிட இளைத்தவனைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பும்போது தன் மதிப்பை இழக்கிறது. அதே சமயம், அந்த 50,000 பேரையும் அறிவற்றவர்கள் என்று ஒதுக்குவது 1971-இல் நடந்த தவறையே திரும்பச் செய்வதாகும்.

இந்த மரபின் மிகப் பெரிய மௌனம் நிறம் பற்றியது. அமெரிக்கத் தெற்கில் உழைத்தவர்களில் பெரும்பங்கு கறுப்பின மக்கள். தெற்கின் கதைசொல்லும் முறையிலும் பேச்சின் தாளத்திலும் அவர்களுடைய பங்கு ஆழமானது. சுற்றுப்பயண வடிவமும் அவர்களிடமிருந்து வந்ததே. ஆனால் தொலைக்காட்சியில் ‘ப்ளூ காலர்’ என்ற பெயர் ஒட்டப்பட்டபோது அது வெள்ளைக்காரத் தொழிலாளியை மட்டுமே குறித்தது. ஒரே ஆலையில் வேலை செய்த இருவருடைய சிரிப்புக்கு இரண்டு வேறு சுற்றுப்பயணங்கள், இரண்டு வேறு சந்தைகள். நாசூக்கின்மைக்கு நிறம் இல்லை என்ற ஃபாக்ஸ்வர்த்தியின் விளக்கம் மேடையில் உண்மையாக வாய்ப்பே கிடைக்கவில்லை.

கதை திரும்புகிறது

2016-இல் டென்னசிக்காரரான ட்ரே க்ரவுடர் தன்னை ‘லிபரல் ரெட்நெக்’ என்று அழைத்துக்கொண்டு கைபேசியில் எடுத்த காணொளிகள் இணையத்தில் பரவின. திருநர்களின் கழிப்பறை உரிமையை, வீட்டு வாசலில் நின்று, கெட்டியான தெற்கத்திப் பேச்சில் ஆதரித்துப் பேசினார். கேட்டவர்களுக்கு அந்தக் குரலும் அந்தக் கருத்தும் ஒன்றாக வந்தது அதிர்ச்சி. அவர் வளர்ந்த சலைனா, ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டதால் நொடித்த சிற்றூர். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரலில் கோபமும் பாசமும் சேர்ந்தே வரும். ரெட்நெக் என்ற பெயரை ஒரு கட்சிக்கும் ஒரு கொடிக்கும் விட்டுக்கொடுக்க அவர் மறுத்தார்.

அதே டென்னசியிலிருந்து லியான் மோர்கன் வந்தார். பீன் ஸ்டேஷன் என்ற சிற்றூரில், வீடு வீடாகப் பெண்களைக் கூட்டி நகை விற்றபோது சொன்ன வேடிக்கைக் கதைகள்தான் அவருடைய முதல் மேடை. மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கிளப்புகளில் பேசி, 2023-இல் நெட்ஃபிளிக்ஸ் சிறப்பு நிகழ்ச்சியும், 2025-இல், 60 வயதை நெருங்கும்போது, தன் பெயரிலேயே ஒரு சிட்காமும் பெற்றார். உடல் பருமன், மாதவிடாய் நிற்கும் காலம், கணவரின் மௌனம், சர்ச்சுச் சாப்பாடு என்று அவர் நிதானமாக அடுக்குகிறார். க்ளோவர் உரம் விற்றார், மோர்கன் நகை விற்றார். இருவரும் விற்பனைக்கு நடுவே கேட்பவரின் முகத்தைப் படிக்கக் கற்றவர்கள்.

நேட் பர்கட்ஸியும் டென்னசிக்காரர். தண்ணீர் மீட்டர் அளவெடுக்கும் வேலை பார்த்தவர். கெட்ட வார்த்தையோ கோஷமோ இல்லாமல், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கதைகளால் பெரும் அரங்குகளை நிரப்புகிறார். 2025-இல் எம்மி விருது விழாவை நடத்தியவர் அவர். இவர்கள் யாருக்கும் முடிவு தெரிந்த வாக்கியம் தேவைப்படவில்லை. சுருங்கியது மறுபடி நீண்டு, வரி மறுபடி கதையாகியிருக்கிறது. தெற்கத்திப் பேச்சு ஒரு வேடமாக இல்லாமல் வெறும் பேச்சாக இருக்க அமெரிக்கத் தொலைக்காட்சி இப்போதுதான் இடம் கொடுக்கிறது.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இன்றைய தெற்கின் உழைப்பாளி யார்? தென் கரோலினாவின் பிஎம்டபிள்யூ ஆலையிலும் அலபாமாவின் மெர்சிடிஸ் ஆலையிலும் வண்டி பூட்டுகிறவர். நெடுஞ்சாலையோரக் கிடங்குகளில் இரவு முழுவதும் பெட்டி அடுக்குகிறவர். கோழித் தொழிலின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில்லில் குளிர்ந்த கூடத்தில் கோழி வெட்டுகிறவர். அந்தக் கூடங்களில் பலர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டு முற்றத்திலும் ஓடாத கார் நிற்கிறது, அவர்களுக்கும் வாய்நீண்ட மாமாக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேடையேறித் தன் ஷிப்டை, தன் தெருவை, தன் அம்மாவின் சமையலறையைத் தன் பேச்சிலேயே சொல்லும்போது, ‘ப்ளூ காலர்’ என்ற பெயர் முதல்முறையாக அதற்குரிய முழு அளவை அடையும். அதற்குத் தேவையானவை ஒரு மைக்கும், பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்கிற கூட்டமும், அவருடைய ஊரைக் கதையிலிருந்து பிடுங்காத ஒரு சேனலும்தான்.